ஆயுத பூஜையன்று நின்ற பம்ப்

நான் சொல்லப்போவதில் எவ்வளவு சரி என்று எனக்கே உறுதியில்லை. அன்று கருத்தரங்க அறையில் இருந்தவர்களிடம் பின்னால் கேட்டுப் பார்த்தேன். அன்புச்செல்வி கத்தினாள் என்றார் ஒருவர். அவள் குரல் உயர்ந்ததாக எனக்கு நினைவில்லை. ரம்பத்தை அவள் வீட்டிலிருந்தே எடுத்து வந்தாள் என்று சாய்சரண் சத்தியம் செய்கிறான். அது எங்கள் ஆய்வகத்து ரம்பம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மழை பெய்ததா என்றுகூடத் தெரியவில்லை. ஜன்னல்கள் மூடியிருந்தன, அது ஏ.சி.க்காகவும் இருக்கலாம். ஆனால் அந்தத் துண்டுகளை நான்தான் படம் எடுத்தேன். அவற்றுக்குள் என்ன இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆறிப்போன விஷயம், இப்போது எதற்கு எழுத வேண்டும் என்று சொன்னவர்கள் உண்டு. ஆறியிருந்தால் இருக்கட்டும். எழுதுகிறேன்.

என் பெயர் புவனா. கோவையில் ஒரு தனியார் ஆராய்ச்சி நிலையத்தில் நுண்ணோக்கி அறையைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஜன்னல் இல்லாத அறை. விளக்கை அணைத்துவிட்டு, லேசர் ஒளி ஒரு துண்டை வரி வரியாகப் படித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். ஆராய்ச்சி மாணவர்கள் வந்ததும் முதலில் நிறையப் பேசுவார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த இருட்டு அவர்கள் வாயை அடைத்துவிடும். அன்புச்செல்வி மட்டும் வந்த முதல் நாளிலிருந்தே பேசாமல் உட்கார்ந்தாள். எனக்கு அவளைப் பிடித்ததற்கு அது ஒன்றே போதுமாக இருந்தது.

அவளுக்கு அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அவள் சின்னவளாக இருந்தபோது அப்பாவும் அம்மாவும் தோட்டக் கூலிக்குப் போனார்கள். இப்போது அப்பா பனியன் கம்பெனி வேன் ஓட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாட்டுக்கு டிரம் வாசிக்கிறார். அண்ணன் கதிருக்கு பைக் விபத்தில் காலெலும்பில் ஒரு பகுதியே போய்விட்டது. இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து அங்கே வைத்தார்கள்.

அவளுடைய வழிகாட்டி டாக்டர் கிருபாசங்கர். தோட்டமும் மில்லும் உள்ள குடும்பம். வெளிநாட்டில் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்தவர். தரை துடைப்பவரிடமும் 'வாங்க', 'போங்க' என்றுதான் பேசுவார். யாரிடமும் அவர் 'வேண்டாம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. 'பாத்துக்கலாங்க' என்பார். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது என்று புரிந்துகொள்ள புதிதாக வருபவர்களுக்குச் சில மாதங்கள் பிடிக்கும்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது எலும்பு. விபத்திலோ அறுவை சிகிச்சையிலோ தாடையில் ஒரு பகுதி போய்விட்டால் அந்த இடத்தை நிரப்ப ஒரு துண்டு. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல முதலில் இதற்கும் ஒரு சாரம் வேண்டும். எலும்பில் உள்ள அதே சுண்ணாம்புப் பொருளையும் மெல்லக் கரையும் ஒரு பிளாஸ்டிக்கையும் கலந்து, உள்ளெல்லாம் துளையாக இருக்கும்படி அச்சிடுவார்கள். கட்டைவிரல் நுனி அளவு இருக்கும். அதன்மேல் கொலாஜன் பூச்சு. கொலாஜன் என்பது நம் எலும்பிலும் தோலிலும் இருக்கும் நார்ப் புரதம். வெறும் சாரத்தில் செல்களை விட்டால் அவை ஒட்டுவதற்குத் தயங்கும். கொலாஜன் நாரைக் கண்டால் பிடித்துக்கொள்ளும். பிடித்து இழுத்துப் பார்க்கும். இழுப்பைத் தாங்குகிறது என்றால் பரந்து படுத்து, பெருகி, தங்கள் பங்குக்குத் தாங்களும் கொலாஜன் நூற்கத் தொடங்கும். அந்த நாரில் சுண்ணாம்பு படியும். சாரம் மெல்லக் கரைந்துபோக, கடைசியில் எலும்பு மிஞ்ச வேண்டும்.

அது எழுத்தில். நடப்பில் மிஞ்சுகிறதா என்று தெரிய வேண்டுமானால் அறுத்துப் பார்க்க வேண்டும். ஒரு துண்டு வளர்ந்து முடிய ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அதனால் சார் யாரையும் அறுக்க விடமாட்டார். வருகிறவர்களுக்குக் காட்ட முழுதாக இருக்கட்டும் என்பார். நாங்கள் மேலிருந்துதான் படம் எடுப்போம். உயிருள்ள செல் பச்சையாகவும் செத்தது சிவப்பாகவும் தெரியும்படி சாயம் போட்டிருப்போம். மேலிருந்து பார்த்தால் எப்போதும் பச்சைதான்.

ஒருநாள் அவள் ஒரு சிறிய டப்பாவைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, இதப் பக்கவாட்டுல வெச்சு எடுக்க முடியுங்களா?"

"என்ன கண்ணு இது, அறுத்துப்போட்டயா?"

"அறுத்துப்போட்டேனுங்க."

"சாருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா அறுக்க உடுவாருங்களா?"

விளக்கை அணைத்தேன். திரையில் மேலிருந்து கீழாகப் படம் வந்தது. மேலே ஒரு தடித்த பச்சைப் பட்டை, காய்ச்சிய பாலின்மேல் ஆடை படிந்ததுபோல. அதற்குக் கீழே கறுப்பு. கறுப்பில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள். அடிவரை அப்படித்தான்.

பூச்சு தடிமனாக இருந்ததுதான் காரணம். மேலே இறக்கிவிடப்பட்ட செல்கள் கொலாஜனைக் கண்டதும் அங்கேயே தங்கிவிட்டன. துளையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பாலம் போட்டன, அந்தப் பாலத்தின்மேல் தங்கள் கொலாஜனையும் நெய்தன. துளையின் வாய் மூடிக்கொண்டது. அதற்கு முன்பே உள்ளே இறங்கியிருந்தவற்றுக்கு உணவும் காற்றும் போகவில்லை. பட்டினியில் செத்தன.

லேசர் நின்றபிறகும் விளக்கைப் போடாமல் இருந்தேன்.

"கதிர் காலும் எக்ஸ்ரேல நல்லாத்தானுங்க்கா தெரிஞ்சுது," என்றாள். "சேந்துபோச்சு, நடக்கலாம்னு சொன்னாங்க. சர்ச் படியில ஏறுறப்ப மடக்குனு போயிருச்சு. பொறவு தொறந்து பாத்தா, மேல ஒரு ஓடு. உள்ள ஒண்ணுமே இல்ல."

அந்தப் படத்தை அவள் சாரிடம் காட்டியபோது நான் அங்கே இல்லை. ஆனால் அவர் கோபப்படவில்லை என்று அவள் சொன்னாள். கொஞ்சம் யோசித்தாராம். உள்ளே உணவு போக வேண்டுமானால் ஊட்டத் திரவத்தைச் சாரத்தின் ஊடாக ஓடவிட வேண்டும், அதற்கு ஒரு பம்ப் வேண்டும் என்று இவள் சொன்னதும் சிரித்துவிட்டாராம்.

"கோயமுத்தூர்ல பம்ப்புக்கா பஞ்சம்? செஞ்சு பாருங்க அம்மணி."

அவள் கணபதியில் ஐயாசாமி என்பவரின் மோட்டார் பட்டறைக்குப் போனாள். அந்தக் கதையை எனக்கு நடித்தே காட்டினாள்.

"எத்தன ஏக்கருக்குத் தண்ணி பாயணுமுங்க?"

"ஒரு வெரல் நுனிக்குங்க."

"ஏனுங்க அம்மணி, காலங்காத்தால எங்கூட வெளையாடறீங்களா?"

அவர் செய்துகொடுத்த முதல் பம்ப் ஓடிய வேகத்தில் செல்கள் எல்லாம் அடித்துச் செல்லப்பட்டு வடிகட்டியில் சேர்ந்தன. இரண்டாவதில் குழாய் பிய்ந்து, செல்களை உடல் சூட்டில் வைத்து வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டி முழுக்கச் சிவப்பு ஊட்டத் திரவம். ஐயாசாமி நேரில் வந்து பார்த்துவிட்டு, "இதென்னுங்க, கொலை நடந்தாப்புல இருக்குது," என்றார். அதற்கப்புறம் வந்தது ஓடியது. சிறிய உருளைகள் ரப்பர் குழாயை மெதுவாகப் பிசைந்து, சாரத்தின் ஒரு பக்கம் திரவத்தைத் தள்ளி மறுபக்கம் வாங்கிக்கொள்ளும். சாரங்கள் இன்குபேட்டருக்குள் இருக்கும். பம்ப் வெளியே மேசைமேல், தகரப் பெட்டியும் ஒயருமாக, பட்டறைச் சாமான்போல உட்கார்ந்திருக்கும். கொலாஜன் பூச்சையும் அவள் மெல்லியதாக்கினாள்.

அந்த வரிசையில் ஒரு துண்டை மட்டும் அவள் முன்கூட்டியே எடுத்து அறுத்தாள். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம். மற்றதெல்லாம் வளர்ந்துகொண்டிருந்தது.

நடுவரை பச்சை. நான் துண்டைத் திருப்பி வைத்து மறுபடி எடுத்தேன். அப்படியும் நடுவரை பச்சை. எந்தச் சாயமும் இல்லாமலே கொலாஜன் நார் தானாக மின்னும்படி ஒரு லேசர் உண்டு, அதையும் போட்டேன். நார்கள் துளையின் வாயை மூடவில்லை. சுவரோடு ஒட்டி, திரவம் ஓடிய திசையிலேயே, வாரிவிட்ட தலைமுடிபோலப் படுத்திருந்தன. செல்களும் அவற்றோடு நீண்டு கிடந்தன. அவள் நாற்காலியில் காலை மடித்து உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா, இன்னொருக்கா காட்டுங்க."

அன்று அவள் கேட்டபோதெல்லாம் காட்டினேன்.

ஆயுத பூஜை எங்கள் ஊரில் எப்படி நடக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லேத்திலிருந்து வீட்டு மிக்சிவரை கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்து ஓய்வு கொடுப்போம். அன்று மெஷினை ஓட்டினால் யாருக்கும் மனசு ஒப்பாது. எங்கள் ஆய்வகத்திலும் உண்டு. சாரின் வீட்டு மில்லில் வழிவழியாக நடக்கும் பூஜை, அதை அவர் அப்படியே இங்கேயும் செய்வார். இன்குபேட்டரையும் உறைபெட்டியையும் மட்டும் அணைக்கக் கூடாது, அதற்குள் உயிர் இருக்கிறது என்பது முதல் வருடமே பேசி முடிவானது. சாமிக்கும் அது தெரியும் என்று சார் சொல்வார்.

நான் கொடுமுடியில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நடந்ததைச் சொன்னது சாய்சரண். அவனும் அதே ஆய்வகத்து மாணவன், சாருக்கு நெருக்கமானவன். பிற்பகலில் அன்புச்செல்விதான் பம்ப்பைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தாளாம். பொரியும் கடலையும் ரெண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு, கூட்டம் சேரும் முன் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டாள். சாயந்திரம் கற்பூரம் காட்டினார்கள். சார் ஒவ்வொரு கருவியாக அணைத்துக்கொண்டே வந்தார். புதிதாக ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. கணபதியில் செய்த பம்ப். பம்ப் என்றால் மெஷின், மெஷின் என்றால் பூஜையன்று ஓய்வு. "நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க," என்று அதற்கும் மரியாதை கொடுத்து சுவிட்சை அணைத்தாராம். எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். அது எதனோடு இணைந்திருக்கிறது என்று அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. விஜயதசமி, அதை ஒட்டி வார விடுமுறை. யாரும் வரவில்லை.

திரும்பி வந்தவள் பார்த்தது சுவிட்சின்மேல் காய்ந்து வெடித்திருந்த சந்தனத்தை.

உள்ளே எல்லாம் செத்திருந்தது. மேலே ஓரங்களில் மட்டும் உயிர். சார் பதறிப்போனார், அது நடிப்பு இல்லை. "தெரியாம பண்ணிப்போட்டேனுங்க அம்மணி," என்று அவளிடம் மன்னிப்புக் கேட்டார். அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை.

நஞ்சுண்டன் ஐயா வருகிற தேதி முடிவாகியிருந்தது. தோட்டத்து மோட்டார் பம்ப் செய்து பெரிய ஆளான குடும்பம், இப்போது மருத்துவக் கருவிகளிலும் இறங்குகிறது. எங்கள் சாரத்தை வாங்கி முதலில் ஆடுகளுக்கு வைத்துப் பார்த்து, பிறகு தாடை போனவர்களுக்கு வைப்பதாகத் திட்டம். தட்டில் வைத்து வளர்த்தாலே முழுக்கச் செல் நிறைந்துவிடும், தனியாக வேறு எதுவும் வேண்டாம் என்று சார் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அதை விளக்கப்போகிறவள் அன்புச்செல்வி. அவளுடைய ஆய்வின் நிறைவுப் பேச்சும் அதுவே என்று வைத்திருந்தார்கள். அதில் தேறினால்தான் பட்டம்.

சார் என் அறைக்கு வந்தார். அவள் ஏற்கெனவே உள்ளே இருந்தாள், லேசரில் ஒரு துண்டு ஓடிக்கொண்டிருந்தது. விளக்கைப் போடட்டுமா என்றேன். இருக்கட்டுங்க என்றார். அவர்கள் இருவரும் இருட்டிலேயே பேசினார்கள்.

"மேல எடுத்த படம் மட்டும் போதுங்க. பம்ப் கதைய அப்பறம் பாத்துக்கலாங்க."

"உள்ள ஒண்ணுமில்லீங்களே சார். அத எப்படி நெறஞ்சிருக்குதுன்னு சொல்லுவேன்?"

"நெறையும்ங்க. இன்னும் வேலை பாக்கத்தான் போறோம்."

"பம்ப் வெச்சா நெறையுது. அதையே சொல்லிரலாமுங்க."

"ஒரே ஒரு துண்டுதானே உசுரோட இருந்துச்சு? மத்ததெல்லாம் ஏன் செத்துச்சுன்னு கேப்பாங்க. என்ன சொல்லுவீங்க?"

"நடந்தத."

திரையின் பச்சை வெளிச்சம் அவர் கண்ணாடியில் நகர்ந்துகொண்டிருந்தது.

"பூஜைக்கு அணைச்சதுனால செத்துச்சுன்னு, நஞ்சுண்டன் ஐயா முன்னாடி, நீங்க சொல்லுவீங்களா? நீங்க சொன்னா அது வேற மாதிரி கேக்குமுங்க அம்மணி."

"நான் சொன்னா மட்டும் ஏனுங்க சார் வேற மாதிரி கேக்கும்?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை. எங்கள் மூவருக்குமே அது தெரியும்.

"கரண்ட் போச்சுன்னு சொல்லிக்கலாங்க," என்றார் கடைசியில். "யாருக்கும் சங்கடம் இல்ல."

"கரண்ட் போகலீங்களே."

"ஒத்துவரலீன்னா வேற கைடு பாத்துக்கலாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். போகும்போது என்னிடம், "மேல் படம் மட்டும் அனுப்பிருங்க புவனா," என்றார். துண்டு ஓடி முடிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. படித்த ஒரு பெண், இந்த இடம்வரை வந்து சேர அவள் வீட்டில் எத்தனை பேர் எத்தனை விட்டுக்கொடுத்திருப்பார்கள் என்று நான் நினைத்தேன். விட்டுவிடு என்று சொல்லலாமா என்றும் தோன்றியது. அது என் வாயிலிருந்து வரவில்லை.

"ஏனுங்க்கா, நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு.

"அறுத்து எடுத்த படம் ரெண்டும் பெருசா வேணுமுங்க்கா. பின்பெஞ்சுக்கும் தெரியற மாதிரி."

மேல் படத்தோடு அந்த இரண்டையும் சேர்த்து அவளுக்கு அனுப்பினேன்.

அன்று கருத்தரங்க அறையில் நல்ல கூட்டம். நஞ்சுண்டன் ஐயா முன்வரிசையில், வெள்ளைச் சட்டை, கையில் பாக்குப் பை. வயதானவர், எளிமையானவர், எல்லோரையும் விசாரித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். சார் அன்புச்செல்வியை அறிமுகப்படுத்தினார். "எங்க லேபோட முத்து," என்றார். அவள் முதலில் மேல் படத்தைப் போட்டாள்.

"அட, சோளக்காடாட்டம் பச்சப்பசேல்னு இருக்குதே!" என்றார் ஐயா. கைதட்டினார்கள்.

"ஆமாங்க ஐயா," என்றாள். "மேல."

அப்புறம் பையிலிருந்து ஒரு முழுச் சாரத்தை எடுத்து, மேசையில் இருந்த சிறு இடுக்கியில் பொருத்தி, எல்லோரும் பார்க்க ரம்பத்தால் அறுத்தாள். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு பாதியையும் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுபோய் ஐயாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். மேலே சதைப்பிடிப்பாக ஒரு தோல். உள்ளே வெள்ளை வெளேரென்று, அச்சிட்டு எடுத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே துளைகள்.

"இது மாசக்கணக்கா வளத்ததுங்க. தட்டுல வெச்சு வளத்தா இவ்வளவுதான். செல்லுக எல்லாம் வாசல்லயே உக்காந்து கதவச் சாத்திக்குது. உள்ள இருக்கறது பட்டினில சாகுது. இத ஒருத்தரு தாடையில வெச்சா, எக்ஸ்ரேல நல்லாத் தெரியும். கடிச்சா ஒடையும்."

சார் எழுந்துவிட்டார். "அன்புச்செல்வி, அடுத்ததுக்குப் போலாங்க."

"போறேனுங்க சார்." இரண்டாவது படம் வந்தது. நடுவரை பச்சை. "இது பம்ப் வெச்சு வளத்தது. நார் எப்படிப் படுத்திருக்குது பாருங்க. உள்ள வரைக்கும் உசுரு. கணபதியில செஞ்ச பம்ப்புங்க."

ஐயாவின் முகம் மலர்ந்தது. "நம்மூரு பம்ப்பா? அப்ப அதையே வெச்சு வளத்துப்போடலாமே! இந்த மாதிரி எத்தன இருக்குதுங்க?"

"இது ஒண்ணுதானுங்க. மத்ததெல்லாம் செத்துப்போச்சு."

"எப்படிங்க?"

சார் முந்திக்கொண்டார். "அது கொஞ்சம் கரண்ட் பிரச்சனை ஆயிருச்சுங்க ஐயா—"

"இல்லீங்க," என்றாள் அவள். "கரண்ட் இருந்துச்சு. ஆயுத பூஜைக்கு பம்ப்ப அணைச்சோம். லீவு முடியற வரைக்கும் போடல. அதுல செத்துச்சுங்க."

ஐயா தட்டைக் கீழே வைத்தார்.

"பூஜை போட்டதுனால செத்துப்போச்சுங்கறயா?"

'ங்க' போய்விட்டது. அதை அங்கிருந்த எல்லோரும் கவனித்தார்கள்.

"பூஜை போட்டதுனால சாகலீங்க. சுவிட்ச அணைச்சதுனால செத்துச்சு."

"எங்க ஃபேக்டரில அத்தன மெஷினும்தான் அணைக்கறோம். ஒண்ணும் ஆகறதில்லியே?"

"உங்க மெஷினுக்குள்ள உசுரு இல்லீங்க ஐயா."

பின்னால் யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

"உன்ற ஊட்ல இதெல்லாம் கும்பிடறது உண்டா?" என்று கேட்டார் ஐயா.

"இல்லீங்க. சர்ச்சுக்குப் போவோம். ஆனா அந்த பம்ப்புக்குச் சந்தனம் வெச்சது நான்தான். பொரியும் ரெண்டு பொட்டலம் தின்னேன். அடுத்த வருசமும் வெப்பேன், திம்பேன். அணைக்க மட்டும் உடமாட்டேன்."

"இப்ப என்னதான் சொல்ற? இத வெக்கலாமா, கூடாதா?"

"இப்படியே வெக்கக் கூடாதுங்க."

"கிருபா, என்னப்பா இது?"

"சின்னப் பொண்ணுங்க ஐயா, ஆர்வத்துல பேசறாங்க. பாத்துக்கலாங்க."

"பாத்தாச்சுங்க சார்," என்றாள் அவள். "பாத்துட்டுத்தான் சொல்றேன்."

ஐயா சுற்றிலும் பார்த்தார். அவர் கண் என்மேல் வந்து நின்றது. யாரோ என்னைக் காட்டியிருக்க வேண்டும். "ஏனுங்க, படம் எடுத்தது நீங்களா?"

நான் எழுந்தேன். அத்தனை பேர் முன்னால் நான் அதற்கு முன் பேசியதில்லை. "நான்தானுங்க. அந்தப் படமெல்லாம் நெசமுங்க. உள்ள அப்படித்தான் இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். சார் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐயா அறுத்த பாதி ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார். வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அவர் சமாதானமானார் என்றோ அவளைப் பாராட்டினார் என்றோ நான் எழுத முடியாது. "பூஜைய இழுத்திருக்க வேண்டியதில்ல," என்றார். எழுந்தார். ஏற்பாடு செய்திருந்த மதியச் சாப்பாட்டுக்கு இருக்காமல் காருக்குப் போய்விட்டார். கூடவே ஓடிய சார் கார் போன பிறகும் வாசலிலேயே நின்றிருந்தார்.

அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சார் உள்ளே வந்தார். முகத்தில் கோபம் தெரியவில்லை, சட்டைக் காலர் மட்டும் நனைந்திருந்தது.

"உங்க பொருளெல்லாம் எடுத்துக்கலாங்க," என்றார்.

"எடுத்துக்கறேனுங்க. பம்ப்பையும்."

"அது லேபோடதுங்க."

"என்றதுங்க சார். ஐயாசாமி எனக்குன்னு செஞ்சு குடுத்தது. கேட்டுப் பாருங்க." ஒரு கணம் விட்டு, "நான் பொய் சொல்லிப் பட்டம் வாங்கியிருந்தா உங்களுக்கும்தானே பேரு கெட்டிருக்கும்? என்னிக்கோ ஒருத்தரு வாயில அது ஒடைஞ்சிருக்கும்," என்றாள்.

ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவரும் சொல்ல நினைத்தார் என்றுதான் இன்றும் எனக்குத் தோன்றுகிறது, அது என் கற்பனையாகவும் இருக்கலாம். பேசாமலே போய்விட்டார்.

சாயந்திரம் அவளை பஸ் ஏற்றிவிடப் போனேன். தகரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் அது என்னம்மா என்று கேட்டார். பம்ப்புங்க என்றாள். இத்துனூண்டா, எதுக்கு ஆகும் என்றார் அவர். பஸ் கிளம்பிவிட்டதால் அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை.

அந்தச் சாரம் ஆட்டுக்கும் போகவில்லை, மனிதருக்கும் போகவில்லை. நஞ்சுண்டன் நிறுவனம் திட்டத்தைத் தள்ளிவைத்து, பிறகு கைவிட்டது. அவர்கள் இப்போது முழங்கால் பட்டைகள் செய்கிறார்கள். டாக்டர் கிருபாசங்கர் அதே நிலையத்தில் இருக்கிறார், பதவி உயர்ந்திருக்கிறது, எலும்பு வேலையை விட்டுவிட்டார். சாய்சரண் பெங்களூரில் மருந்து நிறுவனத்தில் சேர்ந்தான். ஐயாசாமி பட்டறையை மகளிடம் கொடுத்துவிட்டார். கதிர் இன்னும் சற்று நொண்டுகிறான், திருப்பூரில் மொபைல் கடை வைத்திருக்கிறான். அன்புச்செல்வி வேறு ஊரில் வேறு வழிகாட்டியிடம் முதலிலிருந்து தொடங்கினாள். பட்டம் வாங்கத் தாமதமானது, வாங்கினாள். அவளுடைய சாரங்கள் முயல்களின் எலும்பில் உடையாமல் நிற்கின்றன, மனிதருக்கு இன்னும் வரவில்லை. நான் அதே அறையில் வேலை செய்கிறேன்.